மசியாத கிருமி

"இதுக்கு முன்னாடி குழந்தைக்கு அடிக்கடி ஆன்ட்டிபயாடிக் கொடுத்து, பாதியில நிறுத்தியிருக்கீங்களா?"

டாக்டரம்மா கேட்டு முடிப்பதற்குள் கடைக்காரர் மனைவி பக்கம் திரும்பிவிட்டார்.

"கேக்குறாங்கல்ல, சொல்லு. எந்தக் காய்ச்சலுக்கு எதைக் கொடுத்துத் தொலைச்சே?"

ஓடாத பழைய மோட்டார்களை வாங்கி, ஓட வைத்து விற்பவர் அவர். நடைபாதையில் சாக்கு விரித்துத் திருகாணி விற்றவர், பேசியே சொந்தக் கடை வரைக்கும் வந்துவிட்டார். பேரத்தில் அவரிடம் மசியாத ஆள் கிடையாது. கோபம் மட்டும் எப்போதும் மூக்குநுனியில்.

மனைவி பிள்ளையின் தலைமேல் அடித்துச் சத்தியம் செய்யாத குறை. அஞ்சு வயசு ஆகிறது, இந்த ஒரு சிரப்பைத் தவிர ஆன்ட்டிபயாடிக் என்று ஒரு சொட்டுகூட வாய்க்குள் போனதில்லை என்றாள்.

டாக்டரம்மாவுக்கே தலை சுற்றியது. குழந்தை சிட்டுவுக்குச் சிறுநீர்ப் பாதையில் தொற்று. குடலில் சும்மா குடியிருக்கிற கிருமிதான், வழி தவறி இந்தப் பக்கம் ஏறிவிட்டது என்று விளக்கி, சிறுநீரைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி, கையோடு ஒரு சிரப்பும் எழுதிக் கொடுத்திருந்தார். இப்போது ரிப்போர்ட் வந்திருக்கிறது. அந்தச் சிரப்பு மட்டுமில்லை, சாதாரண மருந்து எதற்குமே இந்தக் கிருமி அசையாதாம்.

சிட்டுவோ காய்ச்சல் விட்டு, எரிச்சல் குறைந்து, எடை பார்க்கும் மெஷின் மேல் ஏறி ஏறிக் குதித்துக்கொண்டிருந்தாள்.

கேட்காத மருந்து எப்படிக் கேட்டது?

"மோட்டார் ஜோராத்தான் ஓடுது. மீட்டர்தான் கருகிப்போச்சுன்னு காட்டுது. எங்க கடையா இருந்தா மீட்டரைத் தூக்கிக் கடாசிடுவோம்," என்றார் கடைக்காரர்.

அப்படியெல்லாம் கடாச முடியாது என்றார் டாக்டரம்மா. கடைக்காரர் விடவில்லை. அங்கேயே லேபுக்குப் போன் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். சிறுநீர் பிடித்த பாட்டிலும் மாறவில்லை, பெயரும் மாறவில்லை என்று அவர்களும் ஒரே பிடியாக நின்றார்கள்.

"எனக்கும் குழப்பமாத்தான் இருக்கு," என்றார் டாக்டரம்மா. "ஆனா ரிப்போர்ட் நிஜம்னா, காய்ச்சல் திரும்ப வரும். கிருமி கிட்னிக்கு ஏறிட்டா விளையாட்டு இல்லை. அட்மிட் பண்ணி நரம்புல ஊசி போட்டுடுவோம். கடுமையான மருந்துதான். வேற வழி தெரியலை."

ஊசி என்றதும் சிட்டு குதிப்பதை நிறுத்தினாள்.

கடைக்காரர் மறுபடி மனைவியைப் பிடித்துக்கொண்டார். டாக்டரம்மா சற்று முன் சொன்னதையே சொந்தச் சரக்குபோல எடுத்து விட்டார்.

"மருந்தைப் பாதியில நிறுத்தினா செத்த கிருமி போக, தப்பிச்ச கிருமி முறுக்கிக்கிட்டு நிக்கும். அதுகூடத் தெரியாம ஒருத்தி பிள்ளை வளக்குறா."

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. தனக்கே தெரியாமல் எதையாவது கொடுத்திருப்போமோ என்று அவளே யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

நர்ஸ் வந்து சிட்டுவின் கையைப் பிடித்து நரம்பு தேடினாள். பிள்ளை வீறிட்டது.

அதுவரை சுவரோரம் உட்கார்ந்திருந்த கடைக்காரரின் அக்கா சட்டென்று எழுந்தாள். புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். சிட்டுவைத் தூக்கி வளர்ப்பவள் அவள்தான்.

"ஊசி வேணாம் டாக்டர். அது இவளோடது இல்லை."

"எது?"

"பாட்டில்ல இருந்தது. என்னோடது."



அவள் தரையைப் பார்த்தபடியே சொன்னாள். லேபில் பிள்ளையை உள்ளே கூட்டிப்போனது அவள்தான். எரியுது அத்தை, எரியுது அத்தை என்று சிட்டு துடித்திருக்கிறாள். ஒரு சொட்டு இறங்கவில்லை. வெளியே தம்பி கதவைத் தட்டித் தட்டி அவசரப்படுத்துகிறான். பிள்ளையை இன்னும் படுத்த மனசு வரவில்லை.

"ஒரே வீட்டுச் சோறு, ஒரே வீட்டுத் தண்ணி. பெருசா என்ன மாறிடப் போகுதுன்னு நெனச்சுட்டேன்."

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். நர்ஸைப் போகச் சொன்னார். சிட்டுவுக்கு அதே சிரப்பைச் சொன்ன நாள் வரைக்கும், ஒரு வேளைகூட விடாமல் கொடுக்கச் சொன்னார். பிறகு அக்காவைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"அப்போ இந்தக் கிருமி உங்க உடம்புல இருக்கு. எரிச்சல் இருக்கா?"

"வரும், போகும். இங்க பக்கத்து கிளினிக்ல மாத்திரை எழுதித் தருவாங்க. நாலு வேளை போட்டா அடங்கிடும்."

"அடங்கினதும்?"

"நிறுத்திடுவேன்."

"நிறுத்தச் சொன்னது யாரு?"

கடைக்காரர் வாயைத் திறந்தார்.

"யாரும் சொல்லலை டாக்டர்," என்றாள் அக்கா, தம்பி பக்கம் திரும்பாமலே. "எனக்குத்தான் மறதி ஜாஸ்தி."

அவள் 'அடங்கிடுச்சு' என்று சொன்ன ஒவ்வொரு தடவையும், 'இனிமே எதுக்கு இது' என்று மீதி மாத்திரைகளை எடுத்துப்போய், மருந்துக் கடையில் மல்லுக்கட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காசோடு வந்தவர் அந்தத் தம்பிதான்.