ஊரடங்கில் ஒரு மழைக்கோட்டு

அந்த மழைக்கோட்டு நீலமா கறுப்பா என்பதில் எனக்கு இப்போது சந்தேகம். ஊரடங்கின் எத்தனையாவது நாள் என்பதும் உறுதியில்லை. ஆனால் மழையே இல்லாத ஒரு காலையில், நீலம் என்றே வைத்துக்கொள்வோம், அந்தக் கோட்டு சாலைத் தடுப்புக்கு அடியில் குனிந்து நுழைந்து, காலியான கடைத்தெருவில் ஓடியது என்பதில் சந்தேகமில்லை.

"டேய், நில்லுடா!"

காவலர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அவருக்கு முன்னால் அவருடைய தொப்பை எழுந்தது.

தலையில் முக்காடு, முகத்தில் மாஸ்க், கண்ணில் கறுப்புக் கண்ணாடி. அந்த நாட்களில் பாதி ஊர் அப்படித்தான் இருந்தது. ஆளை அடையாளம் சொல்ல வழியில்லை. தபால் நிலையம் வரை துரத்திய காவலர், விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். மழைக்கோட்டும் சற்றுத் தள்ளி நின்றது. அவருக்கு மூச்சு வந்த பிறகுதான் மறுபடி ஓடியது.

"திமிரைப் பாத்தீங்களாண்ணே?" என்றான் தடுப்பில் கூட நின்ற இளைய காவலன். "உங்களைப் பாத்துட்டுத்தான் தைரியமா வரான்."

"நீ போய்ப் பிடிக்கிறதுதானே?"

"தடுப்பை விட்டு ஓர் அடி நகரக்கூடாதுன்னு நீங்கதானேண்ணே சொன்னீங்க?"

அதற்கு முந்தைய வாரம்தான் டாக்டர் அவரிடம் ஒளிவுமறைவில்லாமல் பேசியிருந்தார். "இந்த எடை, இந்தச் சர்க்கரை. இதோட உங்களுக்குத் தொற்று வந்தா என் கையில ஒண்ணும் இல்லை. தினமும் ஓடுங்க."

மொட்டை மாடியில் இரண்டு நாள் ஓடினார். மூன்றாம் நாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மனைவி கெஞ்சினாள், திட்டினாள், ஒருநாள் அழவும் செய்தாள்.

"திருடனே இல்லாத ஊர்ல நான் யாரைத் துரத்திட்டு ஓடறது?" என்றார் அவர். அவள் எழுந்து போய்ப் பரணில் எதையோ தேடத் தொடங்கினாள்.

மழைக்கோட்டு மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். காலை ஆறு மணி ஆனால் தடுப்புக்கு அடியில் ஒரு குனிதல், பின்னாலேயே "டேய்!"

காவலருக்கு வெறி பிடித்துவிட்டது. டீயில் சர்க்கரையை நிறுத்தினார். வறுத்தது பொரித்தது எதையும் தொடவில்லை. பீரோவுக்கு அடியில் கிடந்த பழைய ஸ்கிப்பிங் கயிற்றை எடுத்து மாலையில் தாண்டினார். கீழ்வீட்டுக்காரர் கூரை இடிந்து விழும் என்று புகார் சொன்னார்.

"அவனைப் பிடிக்காம நான் சாகமாட்டேன்!"

"அந்த வார்த்தை எதுக்குங்க?" என்றாள் மனைவி, அவர் முட்டிக்குத் தைலம் தேய்த்தபடி. "என்ன அவசரம்? மெதுவாப் பிடிங்க." மீதித் தைலத்தைத் தன் கணுக்காலில் தடவிக்கொண்டாள்.

"உனக்கு என்ன வலி?"

"வீட்டுவேலைன்னா சும்மாவா?"

தபால் நிலையத்தில் நின்றவர் பள்ளிக்கூடம் வரை போனார். பிறகு தண்ணீர்த் தொட்டி வரை. இடுப்பு பெல்ட்டில் ஆணியால் மூன்று புது ஓட்டைகள் போட வேண்டியிருந்தது.

டாக்டர் ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்துவிட்டு, போனில் கேட்டார். "சர்க்கரை பாதியா இறங்கியிருக்கே! யாரு மருந்தை மாத்தினது?"

"மருந்து இல்லை டாக்டர், வன்மம்."

கடைசி நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, ரயில் பாலத்தையும் தாண்டி இருவரும் ஓடினார்கள். முதல் முறையாக முன்னால் ஓடிய கால்கள் தள்ளாடின. பின்னால் வந்த கால்கள் தள்ளாடவில்லை. பாலத்தின் அந்தப் பக்கம் காவலர் எட்டிப் பாய்ந்து மழைக்கோட்டின் கழுத்தைப் பிடித்துவிட்டார்.

"மாட்டினியா! நாப்பது நாள்! நாப்பது நாளா என்னை நாயா ஓடவிட்டியேடா!"

லத்தியை ஓங்கினார். அப்போதுதான் தனக்கு மூச்சே வாங்கவில்லை என்பதைக் கவனித்தார். மழைக்கோட்டுதான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மூச்சிரைத்துக்கொண்டிருந்தது. பிறகு நிதானமாகக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியது. மாஸ்க்கையும் இறக்கியது.

"கையை விடுங்க, நம்ம வீட்டு அடுப்புல பால் பொங்கிடும்."