ஒரு கை நுழைத்த கோட்டு

இண்டியானாவின் நவம்பர் மத்தியானம், அழுக்குத் துணி பிழிந்த தண்ணீர் மாதிரி வெளிச்சம். தங்கை நோரீன் சமையலறை நடுவில் நிற்கிறாள். கோட்டுக்குள் ஒரு கை போயிருக்கிறது, மறுபாதி முதுகில் தொங்குகிறது. பக்கத்து மாநிலத்தில், டொலிடோ ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது. தெருவில் என் கார் எஞ்சின் அணைக்காமல் நிற்கிறது. இவர்களுடைய ஜெபச் சபையை விட்டுப் போனவள் என்பதால் நான் வாசற்படியோடு சரி. இந்தச் சபையில் பெண்டாட்டிக்குத் தலை புருஷன், புருஷனுக்குத் தலை சபையில் மூத்த இன்னொருவர். அந்த இன்னொருவரிடம்தான் நோரீனின் புருஷன் டுவேன் சுவர் போனில் குனிந்து, "சரிங்க, சரிங்க" என்கிறான். ஒன்பது வருஷம் நானும் அப்படிக் குனிந்தவள்தான். வாசலிலிருந்தே நோரீனிடம் கத்துகிறேன்: "பெத்த தாயைப் பாக்க எவன்கிட்டடி உத்தரவு கேக்கணும்? இது சபையா, ஆளைப் பிடிச்சு வைக்கிற கூட்டமா?" "கத்தாதக்கா. யாரு பிடிச்சு வச்சா? கதவு தொறந்துதான கெடக்கு." திறந்துதான் கிடக்கிறது. காற்று உள்ளே போய், ஃப்ரிட்ஜில் ஒட்டிய ஜெப அட்டவணையைப் படபடக்க வைக்கிறது. அடுப்பில் சூப் பொங்கி வழிகிறது, யாரும் அணைக்கவில்லை.

டுவேன் போனை வைக்கிறான். என்னை விட்டுவிட்டு அவளிடம் மட்டும் சொல்கிறான்: "நாளைக்குக் காலை வரைக்கும் ஜெபம் பண்ணிட்டு முடிவு பண்ணலாங்கிறார். அவருக்கு மனசுல சமாதானம் வரலையாம்." "அவருக்கா?" என்கிறேன். நோரீன் கோட்டிலிருந்து கையை மெல்ல உருவி, கோட்டை ஆணியில் மாட்டுகிறாள். வாசலுக்கு வருகிறாள். "குளிருதுக்கா" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, திறந்து கிடந்த கதவைத் தன் கையாலேயே சாத்துகிறாள்.