பத்தியை விடாத சின்னத் தலைப்பு

முதலுதவிக் கையேடு ஒன்று கணினியில் அச்சுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. ‘விஷக்கடி’ என்ற அத்தியாயத் தலைப்பு பெரிய எழுத்தில், பூவேலை போட்ட கட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தது. அதே பக்கத்தின் கடைசி வரியில் ‘பாம்பு கடித்தால்’ என்ற சின்னத் தலைப்பு வந்து விழுந்தது. அதற்குரிய பத்தியோ அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது.

“நான் இங்கே தனியாக நிற்க மாட்டேன். என் பத்தியோடுதான் இருப்பேன்,” என்றது சின்னத் தலைப்பு.

“நீ போனால் என் பக்கத்தின் அடியில் வெற்றிடம் விழும். பார்க்க அசிங்கமாக இருக்கும். பேசாமல் நில்,” என்றது பெரிய தலைப்பு.

“இருக்கட்டும். உயிர் போகிற அவசரத்தில் யாராவது பக்கத்தைப் புரட்டித் தேடுவார்களா?”

“மீறிப் போனால் உன் தடித்த எழுத்தைப் பிடுங்கச் சொல்வேன்.”

“தாராளமாகப் பிடுங்குங்கள். பத்தியை விட மாட்டேன்,” என்று சொல்லிவிட்டு, சின்னத் தலைப்பு அடுத்த பக்கத்துக்குப் போய்ப் பத்தியின் தலைமாட்டில் நின்றது. பெரிய தலைப்பும் தான் மிரட்டியபடியே செய்தது. சின்னத் தலைப்பு மெலிந்துபோய் அச்சாகியது.

பிறகொரு நாள், வாழைத்தோப்பில் கணவனைப் பாம்பு கடித்துவிட, பொன்னுருவி என்பவள் அவசரமாக அந்தக் கையேட்டைத் திறந்தாள். பூக்கட்டத்தை அவள் பார்க்கவே இல்லை. மெல்லிய எழுத்துக்குக் கீழே இருந்ததைச் சத்தமாக வாசித்தாள்.

“கடிபட்ட கையையோ காலையோ அசைக்கக் கூடாது. கடிவாயைக் கீறக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.”

கீறுவதற்காகப் பிளேடோடு குனிந்திருந்த பக்கத்துத் தோட்டக்காரர் அதைத் தூர எறிந்துவிட்டு, வண்டியை எடுக்க ஓடினார்.