முன் சக்கரத்து ஆணிகள்

ஜனவரி 14, பின்லாந்தின் ஓலு நகரம், காலை பத்தரை மணி, பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு டிகிரி. போன குளிர்காலத்தில் சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்ட எழுபது வயது இர்மெலி, சைக்கிள் கடை வாசலில் நிற்கிறார். மகள் ரீத்தா ஒரு மூன்று சக்கர வண்டியைப் பிடித்திருக்கிறாள். “இதுதாம்மா உனக்கு. இன்னொரு தடவ விழுந்தா சைக்கிளே கிடையாது.” “அதுல மீன் விக்கலாம்,” என்கிறார் இர்மெலி. கடைக்காரர் வெய்க்கோவிடம், பனியில் வழுக்காமலிருக்க ஆணி பதித்த டயர் ஒன்றுதான் மிச்சம். அதை இர்மெலியின் பழைய சைக்கிளில் முன்பக்கம் மாட்டுகிறார். “ரீத்தா, பின்னாடி வழுக்குனா வால் ஆடும், அவ்வளவுதான். முன்னாடி வழுக்குனாத்தான் ஆள் கீழ.” தாழ்ந்த வெயிலில் ஆணிகள் மின்னுகின்றன. இர்மெலி ஏறி மிதிக்கிறார். இறுகிய பனி நறநறக்கிறது. கடைக்கு எதிரே உள்ள பாலத்துத் திருப்பத்தில் பின் சக்கரம் ஒரு சாண் விலகுகிறது, முன் சக்கரம் பிடித்துக்கொள்கிறது. அவர் அக்கரை போய்ச் சேர்கிறார். ரீத்தா மூன்று சக்கர வண்டியைத் திரும்பவும் கடைக்குள் தள்ளிக்கொண்டு போகிறாள்.