மூலைக் கயிறு

இவாபுச்சிக்கு வலது முழங்கால் காலையிலிருந்தே குடைகிறது. அறுவைச் சிகிச்சை முடிந்து இன்றுதான் முதல் ஆட்டம். ரிங்குக்கு வெளியே விளிம்பில் நின்று, மூலையில் கட்டிய முழக் கயிற்றை இடது கையில் பிடித்திருக்கிறான். அதை விடாமல் கூட்டாளியைத் தொட்டால்தான் உள்ளே இறங்கலாம். ஜோடி மல்யுத்தத்தின் சட்டம் அது. அகிதா நகர விளையாட்டுக் கூடத்தின் உயரச் சன்னல்களில் மதிய வெயில். ரசிகர்கள் வீசிய காகித நாடாக்கள் பலகைத் தரையில் சுருண்டு கிடக்கின்றன. உள்ளே கூட்டாளி தொகுமாரு ஒற்றை ஆளாக அடி வாங்குகிறான். நெஞ்சில் விழும் ஒவ்வொரு அறையும் ஈரத்துணியைக் கல்லில் அடிப்பது போலக் கேட்கிறது. ஆனாலும் இந்த மூலைப் பக்கம் வரமாட்டேன் என்கிறான்.

“வாடா இங்க! கையக் குடு!”

“சும்மா நில்லுடா. கால் போயிரும்.”

“பீங்கான் கிண்ணம் மாதிரில்ல பொத்தி வைக்கிறான்,” என்று சிரித்து, எதிரணி மொட்டையன் தொகுமாருவைத் தடுப்புக் கயிற்றில் வீசுகிறான்.

முன்வரிசை மீன்கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. “இவாபுச்சி, நீ நிக்கிறதப் பாக்கவாய்யா டிக்கெட் எடுத்தோம்?”

இவாபுச்சி முழு எடையையும் அந்த முழங்காலிலேயே ஊன்றிச் சாய்கிறான். மூலைக் கயிறு விறைக்கிறது. வந்து மோதும் தொகுமாருவின் வியர்வை முதுகில் அவன் உள்ளங்கை பளாரென்று விழுகிறது. முதுகைத் தொட்டாலும் செல்லும்; நடுவர் கை தூக்குகிறார். கூட்டம் தரையை உதைத்து ஆர்ப்பரிக்கிறது.

“திருட்டுப் பயலே,” என்கிறான் தொகுமாரு, மூச்சு வாங்கச் சிரித்தபடி.

“வெளிய போய் நில்லு. கால் இருக்கு.”

மொட்டையனின் சிரிப்பு குறைகிறது. இவாபுச்சி உள்ளே இறங்கி, நொண்டாமல் அவனை நோக்கி நடந்து போகிறான். முழங்கால் ஆறிய எட்டு மாதமும், வேறு ஜோடி வேண்டாமென்று தொகுமாரு தனியாகவே இரண்டு பேரோடு மோதியிருக்கிறான். அந்த அடியெல்லாம் இவாபுச்சி அவனுக்குப் பட்ட கடன். அதில் ஒன்றுகூட இன்னும் தீரவில்லை.