கையில் ஊற்றிய தண்ணீர்

பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகளெல்லாம் போயாகிவிட்டது. உப்புப் பாத்திகளில் பட்டுத் திரும்பும் வெயில் ஏழாம் வகுப்பின் கூரையில் அலையலையாக ஆடுகிறது. வாசலில் சவரியம்மாள் மகளோடு நிற்கிறாள். உப்புத்தண்ணீரில் வெடித்த அவள் பாதங்கள் படியைத் தாண்டவில்லை. "உள்ள வாங்க" என்று பாக்கியலட்சுமி டீச்சர் இரண்டு முறை கூப்பிட்டும், "இருக்கட்டும் டீச்சர்" என்கிறாள். நேற்று லீவு. அம்மாவோடு உப்பளத்துக்குப் போன மேரிசெல்வி, எட்ட நின்று கையில் தண்ணீர் ஊற்றிய முதலாளி வீட்டம்மாவிடம், "சொம்பையே குடுங்க. இப்படி ஊத்துறது தீண்டாமைன்னு மிஸ் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டாள். இன்று சவரியம்மாளுக்கு வேலை இல்லை. இந்த டீச்சர்தான் இல்லாத சாதியைப் பிள்ளைகள் மனசில் விதைக்கிறாள் என்று காலையில் அந்த முதலாளி வந்து கத்தியபோது, பாக்கியலட்சுமி நிமிர்ந்து நின்று பதில் சொன்னாள். இப்போது சவரியம்மாள் குரலைத் தாழ்த்திச் சொல்கிறாள்: "அந்தப் பாடத்த எம்பொண்ணுக்கு மட்டும் நடத்தாதீங்க டீச்சர். நீங்க பஸ் ஏறி வானூர் போயிடுவீங்க. நாங்க அவங்ககிட்டதான வேலைக்கு நிக்கணும்." தூரத்தில் யாரோ பலகையால் உப்பை வாரும் கரகரப்பு கேட்கிறது. மேரிசெல்வி தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். "நான் கேட்டது தப்பா மிஸ்?" பாக்கியலட்சுமி அவள் முன்னால் குனிகிறாள். "இல்லடா கண்ணு. நீ கேட்டதுதான் சரி" என்கிறாள். அதற்குள் சவரியம்மாளின் காய்ப்பேறிய கைகள் மகளின் காதுகளை இறுகப் பொத்திவிட்டன. மிஸ்ஸின் உதடுகள் அசைவதை மட்டும் மேரிசெல்வி பார்த்துக்கொண்டே நிற்கிறாள்.