மெட்டி விரல்

தொட்டால் வேறு யாருடைய விரலையோ தொடுவது போலத்தான் இருக்கிறது என்று நினைக்கிறாள் சுகுணா. திருமுடிவாக்கம் பேக்டரியில் பிரஸ் மெஷின் நசுக்கிய கைக் கட்டைவிரலின் இடத்தில், இடது காலின் இரண்டாம் விரலை எடுத்துத் தைத்திருக்கிறார்கள். அது மடங்குகிறது, டம்ளரைப் பிடிக்கிறது, சூடு மட்டும் தெரிவதில்லை. அதன் குட்டி நகத்தில் ஜன்னல் வெயில் விழுகிறது. நாத்தனார் வனிதா தரையில் உட்கார்ந்து, அவளுடைய இடது பாதத்தை மடியில் வைத்திருக்கிறாள். கையில் மெட்டி. "பக்கத்து வெரல்ல போட்டுக்கோ அண்ணி. கல்யாணத்துக்கு இப்டி வந்தா, எங்க அண்ணன் உயிரோட கீறாரான்னு கேப்பாளுங்க." "வலது கால்ல கீதே." "அப்ப பாதி புருசனான்னு கேப்பாளுங்க." வனிதா மட்டும் சிரிக்கிறாள். மெட்டி மூன்றாம் விரலின் நுனியைச் சில்லென்று தொடுகிறது. சுகுணா காலை மெல்ல இழுத்துப் புடவைக்குள் வைத்துக்கொள்கிறாள். "வேணா வனிதா. இப்டியே வரேன்."